அரிசி நிறைஞ்சிருக்கு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, விண்ணப்பம் எழுதுவது எப்படி என்று நான் சொல்லப்போவதில்லை. அதற்கு மாதிரிப் படிவம் இருக்கிறது. வருமானச் சான்றை எங்கே வைப்பது, வங்கிப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தை நகலெடுப்பது என்பதெல்லாம் ஒரு மாதத்தில் கை தானாகச் செய்யும். அது கடைசி வரை கைக்கு வராமலே ஓய்வு பெற்றவர்களும் நம் உதவி மையத்தில் உண்டு. ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை.

பழங்காநத்தத்தில் அந்த மேஜைக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருந்த காலமெல்லாம் செய்த வேலை ஒன்றுதான். இந்தப் பக்கம் கஷ்டத்தில் இருக்கிற ஒரு குடும்பம். அந்தப் பக்கம் உதவி செய்வதற்காகவே இந்த ஊரில் நடக்கிற ஓர் அறக்கட்டளை. இரண்டு பேரும் பேசுவது தமிழ்தான். ஆனாலும் ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரிய நடுவில் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. அந்த ஆளுக்குத்தான் சம்பளம் கொடுக்கிறார்கள்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் தோள்பட்டை விலகி வேலைக்குப் போக முடியாமல் எங்களிடம் வந்தார். போட்டோ எடுத்து வரச் சொன்னேன். ஸ்டூடியோக்காரர் தங்கமான மனுஷன். இவர் சட்டை கிழிந்திருந்ததைப் பார்த்து, கம்ப்யூட்டரிலேயே நீலக் கோட்டும் சிவப்பு டையும் மாட்டிவிட்டு, முகத்தையும் கொஞ்சம் வெளுக்க வைத்துக் கொடுத்துவிட்டார். அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. விண்ணப்பம் போன இடத்திலிருந்து எனக்குப் போன் வந்தது. "மேடம், இவரு மூட்டை தூக்குறவரா, இல்ல மூட்டைக்குச் சொந்தக்காரரா?" மறுபடியும் ஸ்டூடியோவுக்குப் போனோம். கோட்டைக் கழற்றுவதற்குக் காசு வாங்கிக்கொண்டார்.

இதைச் சொல்லிச் சிரிப்பது எளிது. ஆனால் நம் ஜனங்கள் நாலு பேர் பார்க்கிற இடத்துக்குப் போகும்போது இருப்பதில் நல்லதை உடுத்திக்கொண்டுதான் போவார்கள். பஞ்சப் பாட்டுப் பாடி வாங்குவது பெரும்பாலானவர்களுக்கு வராது. அது வருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நம் மையத்தின் உதவி தேவைப்படுவதில்லை.

சுமதியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பெயர் அதுவல்ல, ஆனால் அவளுக்கு அது பொருந்தும். பழங்காநத்தத்தில் மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் வாடகைக்கு இருந்தாள். அவள் கணவர் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. இரண்டு பெண் பிள்ளைகள், இரண்டும் பள்ளிக்கூடத்தில். ரேஷன் கார்டு இருந்தது, ஆனால் அது சர்க்கரைக் கார்டு. அரிசி கிடையாது. நல்ல சம்பளத்தில் இருந்தபோது, "ரேஷன் அரிசி நமக்கெதுக்கு" என்று அவரே எழுதிக் கொடுத்து வாங்கிய கார்டு. அதை மாற்ற மனுப் போட்டிருந்தார்கள். மனு போய்க்கொண்டே இருந்தது.

சுமதி கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. இட்லி மாவு அரைத்து விற்க ஒரு பெரிய கிரைண்டர், பழைய பிரிட்ஜ் ஒன்று, பக்கத்துத் தெரு முக்கில் மாடிப்படிக்குக் கீழே இருந்த இடத்துக்கு அட்வான்ஸ். நல்ல இடம். பஸ் ஸ்டாப்பிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகிற பெண்கள் எல்லோரும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். ஆனால் இடத்துக்காரர் மாசக் கடைசி வரைக்கும்தான் பொறுப்பேன் என்று சொல்லிவிட்டார். மொபைல் ரீசார்ஜ் கடை போட ஒருவர் பணத்தோடு நின்றார். அந்த இடம் போனால் சுமதி வீட்டிலேயே அரைத்து வீடு வீடாகச் சுமக்க வேண்டும். எழுந்து உட்கார முடியாத மனுஷனைத் தனியே விட்டுவிட்டு அது நடக்காது.

நகரத்தில் ஓர் அறக்கட்டளைக்கு விண்ணப்பம் எழுதினேன். பெயர் வேண்டாம், நல்லவர்கள். வீட்டைப் பார்க்க ஆய்வாளர் வருவார் என்று தகவல் வந்ததும் சுமதியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "கூட்டியும் சொல்லாதே, குறைச்சும் சொல்லாதே. உள்ளதைச் சொல்லு, போதும்." தலையை ஆட்டினாள்.

அடுத்த வாரம் ஆய்வறிக்கையின் நகல் என் போனுக்கு வந்தது. இன்னும் அது என்னிடம் இருக்கிறது, மனது சரியில்லாதபோது எடுத்துப் படிப்பேன். "வீடு மிகத் தூய்மையாக உள்ளது. விருந்தினர் அமர இரண்டு நாற்காலிகள் உள்ளன. காபி தரமாக இருந்தது. அரிசி, பருப்பு, எண்ணெய் ஆகியவை நிறைய உள்ளதாக விண்ணப்பதாரரே தெரிவித்தார். விண்ணப்பதாரர் முகமலர்ச்சியுடன் காணப்பட்டார். உடனடித் தேவை இருப்பதாகத் தெரியவில்லை."

படித்து முடித்ததும் எனக்கு என்ன நடந்திருக்கும் என்று முழுசாகத் தெரிந்துவிட்டது. ஆய்வு நடந்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

உங்களில் சிலருக்கு இது இன்னும் பிடிபட்டிருக்காது. வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டால் 'இல்லை' என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று ஒரு வழக்கம். 'நிறைஞ்சிருக்கு' என்பார்கள். அதைக் கேட்ட ஆம்பளை பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்புவார். விளக்கை அணைக்க மாட்டார்கள், அமர்த்துவார்கள். வாசலைத் தாண்டும்போது போறேன் என்று சொல்ல மாட்டார்கள், போயிட்டு வாரேன் என்பார்கள். விளக்கு வைத்த நேரத்தில் 'இல்லை' என்று சொன்னால், மேலே போகிற ஏதோ ஒரு தேவதை 'அப்படியே ஆகட்டும்' என்று சொல்லிவிடுமாம். வெள்ளிக்கிழமை என்றால் அதற்குக் காது இன்னும் கூர்மை.

ஆய்வுக்குப் போன தம்பி ஆறாம் வகுப்பிலிருந்து விடுதியில் வளர்ந்தவர். அவரை யாரும் பையைக் கொடுத்து மளிகைக் கடைக்கு அனுப்பியதில்லை. பார்க்காத வீட்டைப் பார்த்ததாக எழுதுகிற ஆய்வாளர்களை எனக்குத் தெரியும். கேட்டதை இவ்வளவு சுத்தமாக எழுதியவரை அப்போதுதான் பார்த்தேன். அவர்மேல் கோபப்பட எனக்கு வழியே இல்லாமல் போய்விட்டது.

அறக்கட்டளை அலுவலகத்துக்குப் போன் போட்டேன். குழு இன்னும் முடிவு செய்யவில்லை, ஆனால் அறிக்கை இப்படி இருந்தால் தள்ளிவிடுவார்கள் என்றார்கள். ஒரு தடவை தள்ளினால் அடுத்த வருஷம்தான் மறுபடி விண்ணப்பிக்க முடியும். குழு கூடுவது அமாவாசை அன்று. ஆரம்பித்தவர்கள் வியாபாரிகள், அமாவாசையில்தான் காசோலையில் கையெழுத்துப் போடுவார்கள். அமாவாசைக்கும் மாசக் கடைசிக்கும் நடுவில் இரண்டே நாள் இருந்தது.

பக்கத்து மேஜையில் இருந்தவர் அறிக்கையை வாங்கிப் படித்தார். இந்த வேலையில் என்னைவிடப் பழையவர்.

"அக்கா, குழு முன்னாடி கூட்டிட்டுப் போங்க. அழச் சொல்லுங்க. ஒரு அழுகைக்கு உள்ள மதிப்பு பத்து சர்டிபிகேட்டுக்குக் கிடையாது" என்றார்.

அவர் சொன்னது உண்மை. உண்மையாக இருந்ததால்தான் எனக்குக் கோபம் வந்தது. "ஏழை மாதிரி இருக்கிறது எப்படின்னு நான் கிளாஸ் எடுக்கணுமா?" என்று கேட்டேன். "எடுத்தா நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

நான் சுமதி வீட்டுக்குப் போனேன். நாற்காலி இரண்டும் வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டுக்குத் திரும்பிப் போயிருந்தன. வீட்டுக்காரர் கட்டிலில் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் இடது கையைத் தூக்கி வணக்கம் சொன்னார். சுமதியை வாசலில் குழாயடிக்குக் கூட்டி வந்தேன்.

"உள்ளதைச் சொல்லுன்னுதானே சொன்னேன்?"

"உள்ளதைத்தான்க்கா சொன்னேன். அரிசி இருக்கான்னு கேட்டாரு. நிறைஞ்சிருக்குன்னேன். பருப்பு? அதுவும் நிறைஞ்சிருக்குன்னேன். அவரு பாட்டுக்கு எழுதிக்கிட்டாரு."

"இல்லைன்னு சொல்லியிருக்கலாமே."

"வெள்ளிக்கிழமைக்கா. விளக்கு வச்சிருந்தேன். இல்லேன்னு சொன்னா இருக்குறதும் போயிருமே."

"இருந்தது என்ன?"

அவள் யோசித்தாள். நான் கேட்டதை உண்மையான கேள்வியாக எடுத்துக்கொண்டுதான் யோசித்தாள். பிறகு குரலைத் தணித்து, "அவரு காதுல விழும்லக்கா" என்றாள். "சர்க்கரைக் கார்டு வாங்குனது தான்தான்னு ஏற்கெனவே சுவத்தைப் பாத்துப் படுத்திருக்காரு. அவரு முன்னாடி எப்படிச் சொல்றது?"

அமாவாசை அன்று காலையில் என்னோடு வரச் சொன்னேன். என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டாள். கேட்டதுக்குப் பதில் சொன்னால் போதும் என்றேன். போன தடவையும் அப்படித்தானே சொன்னீர்கள் என்று அவள் கேட்கவில்லை. எனக்கே தோன்றியது.

அந்த அமாவாசை புதன்கிழமை வந்தது. குழுவின் தலைவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், கணக்கு வாத்தியார். பொருளாளர் புடவை வியாபாரி, வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர். இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் காபி குடித்ததைத் தவிர வேறு எதுவும் எனக்கு நினைவில்லை. ஆய்வுக்குப் போன தம்பி ஓரமாக நின்றிருந்தார். சுமதியை வெளி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன்.

"அறிக்கையில தெளிவா இருக்கேம்மா" என்றார் தலைவர். "நிறைய இருக்குன்னு அந்தம்மாவே சொல்லியிருக்காங்க."

"நிறைய இருக்குன்னு சொல்லலைங்கய்யா. நிறைஞ்சிருக்குன்னு சொல்லியிருக்கா."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

கணக்கில் ஒன்றுதான். இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று வழக்கத்தை எடுத்துச் சொன்னேன். சொல்லச் சொல்ல, சாக்குச் சொல்கிறவள் மாதிரி எனக்கே கேட்டது. தலைவரின் புருவம் ஏறிக்கொண்டே போனது. அப்போது பொருளாளர் போனை எடுத்து வீட்டுக்குப் போட்டார். அவர்கள் பாஷையில் ஏதோ கேட்டார். அந்தப் பக்கமிருந்து பதில் கொஞ்சம் நீளமாக வந்தது. போனை வைத்தார்.

"எங்க வீட்டுலயும் நிறைஞ்சிருக்காம். போகும்போது வாங்கிட்டு வரச் சொல்றாங்க."

"என்னது?" என்றார் தலைவர்.

"துவரம்பருப்பு."

தலைவர் ஆய்வாளர் தம்பி பக்கம் திரும்பினார். "ஏன் தம்பி, நீங்க இதைக் கேள்விப்பட்டதே இல்லையா?"

"ஹாஸ்டல்ல அப்படிச் சொல்ல மாட்டாங்க சார். இல்லைன்னா இல்லைன்னுதான் சொல்வாங்க."

யாரும் சிரிக்கவில்லை. தலைவர் நியாயமான மனிதர். ஒரு வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் இருந்தால் சொன்னவரையே கேட்டுவிட வேண்டும் என்றார். சுமதியை உள்ளே கூப்பிட்டார்கள். நாற்காலி போட்டும் உட்காரவில்லை, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, இன்னிக்கு வெள்ளிக்கிழமையும் இல்லை. விளக்கும் வைக்கலை. உங்க வீட்டுக்காரரும் இங்க இல்லை. ஒரே வார்த்தைல சொல்லுங்க. வீட்டுல அரிசி இருக்கா, இல்லையா?"

சுமதி என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"இன்னிக்கு அமாவாசைங்கய்யா" என்றாள்.

அமாவாசை பார்த்துக் கூடுகிற குழு அதற்கு என்ன சொல்ல முடியும். தலைவர் பேனாவை மூடினார். மூடினால் முடிவுக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம், அது எனக்குத் தெரியும். அந்த மாடிப்படிக்குக் கீழே ரீசார்ஜ் கடை போர்டு தொங்குவது என் கண்ணுக்கே தெரிந்தது. சுமதியை மாற்றிச் சொல்ல வைக்க முடியாது. கேள்வியை மாற்றுவதுதான் பாக்கி.

"நேத்து ராத்திரி வீட்டுல என்ன சமையல், சுமதி?" என்றேன்.

"பிள்ளைகளுக்கும் அவருக்கும் ரசஞ்சோறுக்கா. அப்பளம் சுட்டேன்."

"உனக்கு?"

"நான் விரதம்க்கா."

"நேத்து என்ன விரதம்?" என்றார் தலைவர்.

"செவ்வாய்க்கிழமைங்கய்யா. முருகனுக்கு."

"அதுக்கு முந்தின நாள்?"

"திங்கக்கிழமை சிவனுக்குங்க. இன்னிக்கு அமாவாசை. நாளைக்கு குருவுக்கு." அவள் பஸ் வரும் நேரத்தைச் சொல்வது போலத்தான் சொன்னாள். "வெள்ளி அம்மனுக்கு. சனி பெருமாளுக்குங்க."

தலைவர் கணக்கு வாத்தியார் அல்லவா, விட்டுப்போனதைப் பிடித்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை?"

"ஞாயித்துக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு திருப்பரங்குன்றத்துல எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேங்க. டவுன் பஸ்ல எங்களுக்கு டிக்கெட் கிடையாது. அங்க சாப்பிட்டுருவேன். அவருக்கும் வாங்கிட்டு வந்துருவேன்."

"எம்புட்டு நாளா இப்படி?" என்று கேட்டது பொருளாளர்.

"அவரு படுத்ததுலேருந்துங்க. உங்களுக்குச் சரியாகணும்னுதான் இருக்கேன்னு அவருகிட்ட சொல்லியிருக்கேன். அவரும் நம்பிட்டாரு."

அத்தனை வருஷம் அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து கஷ்டம் கேட்டவள் நான். வீட்டுக்கே போய் அவளோடு பேசியும் இருக்கிறேன். அவள் முகம் வற்றிப்போயிருந்ததை அலைச்சல் என்றுதான் நினைத்தேன். எனக்கு அழுகை வந்தது. பக்கத்து மேஜைக்காரர் பார்த்திருந்தால் ஆள் மாறி அழுகிறது என்று சொல்லியிருப்பார்.

தலைவர் பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போட்டார். அறக்கட்டளை விதிப்படி கூட்டத்தில் பேசாமல் கையெழுத்துப் போடக் கூடாது, ஆனால் யாரும் அதை எடுத்துச் சொல்லவில்லை. ஆய்வாளர் தம்பி வெளியே போய் இரண்டு பொட்டலம் பொங்கல் வாங்கி வந்து சுமதியிடம் கொடுத்தார். விரதம் என்றாள். பொருளாளர், "அமாவாசைக்கு மத்தியானம் சாப்பிடலாம்மா, எங்க வீட்டுல சாப்பிடுவாங்க" என்றார். மணி பதினொன்றுகூட ஆகவில்லை. ஊருக்கே அப்போது மத்தியானம்தான் என்பது போல நாங்கள் எல்லோரும் தலையை ஆட்டினோம்.

படியிறங்கும்போது அந்தத் தம்பி என் பின்னாலேயே வந்தார்.

"அக்கா, நான் என்ன கேட்டிருக்கணும்?"

"இருக்கா இல்லையான்னு கேக்காதீங்க தம்பி. நேத்து என்ன சமைச்சீங்கன்னு கேளுங்க. சொல்லி முடிச்சதும், நீங்க என்ன சாப்பிட்டீங்கன்னு கேளுங்க."

உங்களுக்கும் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இதைப் படிவத்தில் சேர்த்துவிடாதீர்கள். படிவத்தில் அச்சடித்துவிட்டால் ஜனங்கள் அதற்கும் நல்ல பதிலாக ஒன்று தயார் செய்து வைத்துவிடுவார்கள். யாராவது அழச் சொல்லிக் கொடு என்றால் மட்டும் கொஞ்சம் கோபப்படுங்கள். கோபம் வராவிட்டால் இரண்டு நாள் லீவு போடுங்கள்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் சாயங்காலம் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு அந்தத் தெரு முக்குக்குப் போனேன். மாடிப்படிக்குக் கீழே டியூப் லைட் எரிந்தது. சுமதியின் வீட்டுக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து, இடது கையால் ஒரு அம்மாவுக்குச் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் நின்றவர்கள் போகட்டும் என்று ஓரமாக நின்றேன். அவர்கள் எல்லோரும் வெறும் பாத்திரத்தோடுதான் திரும்பிப் போனார்கள்.

"மாவு இருக்கா சுமதி?"

"நிறைஞ்சிருக்குக்கா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "அப்பவே நிறைஞ்சிருச்சு. நாளைக்குக் கொஞ்சம் வெள்ளென வாங்க."

எட்டிப் பார்த்தேன். கிரைண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நாலு இட்லி, மேலே தக்காளிச் சட்னி. அன்று செவ்வாய்க்கிழமை.

நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். "அவருக்குத் தேவலையாயிருச்சுல்லக்கா" என்றாள், வாயில் இட்லியோடு. "முருகனே போதும்னுட்டாரு."

சரி, போயிட்டு வாரேன் என்று சொல்லிவிட்டு, வெறும் தூக்குவாளியை ஆட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்து உப்புமாவுக்கு ரவையை வறுத்தேன்.